மடியில் போட்டுவிட்டுப் போனவள்

சிட்டு, நான் மூங்கில்துறைப்பட்டில் கரும்பு கட்டிக்கொண்டிருந்தபோது உன் பெரிய மகன் போன் செய்தான். "பெரிம்மா, அம்மா கண்ணே தொறக்கல." நான் கச்சிராயபாளையம் வந்து சேர்வதற்குள் உன்னை வாசலில் கிடத்திவிட்டார்கள். என் தங்கை நீ, எனக்கு முன்னால் போய்விட்டாய்.

கல்யாணமாகிப் பத்து வருஷம் எனக்குப் பிள்ளை இல்லை. கள்ளக்குறிச்சியில் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்கு நீதான் என்னை இழுத்துப் போனாய். கம்ப்யூட்டரில் பதிந்துவிட்டு வரிசையில் காத்திருக்க வேண்டும், வீட்டைப் பார்க்க ஆள் வருவார்கள் என்றார் அங்கிருந்த அம்மா. சொந்தத்தில் எடுப்பதானாலும் பெற்ற இருவரும் சம்மதிக்க வேண்டுமாம். பதிந்தோம். வருஷங்கள் போயின, கூப்பிடவில்லை. பஸ் ஸ்டாண்டில் ஒருத்தி, "பேப்பரே வேணாம், கையில குடுத்துடறேன்" என்று என்னிடம் கிசுகிசுத்தாள். நான் சபலப்பட்டது உண்மை. நீ அவளை விட்டாயா? "யார் வூட்டுப் புள்ளடி அது? பெத்தவ தேடிக்கினு கெடக்கமாட்டா?" என்று போட்ட சத்தத்தில் அவள் கிடைத்த பஸ்ஸில் ஏறி ஓடினாள்.

உனக்கு மூன்றாவதும் பையனாகப் பிறந்தான், முகிலன். அவனைப் பால்குடி மறக்கடித்த வாரமே மாரியம்மன் கோயிலில் என் மடியில் போட்டாய். "எங்கிட்ட ரெண்டு வாலு இருக்குது, இது உனுக்கு. திருப்பிக்கினு வந்தா வாங்கமாட்டேன், ஆமா." சிரித்துக்கொண்டே சொன்னாய். திரும்பிப் போகும்போது உன் ரவிக்கை பால் கசிந்து நனைந்திருந்தது.

தத்துப் பத்திரம் எழுதிப் பதிந்துவிடச் சொன்னார் வக்கீல். "எப்பக்கா கையெழுத்துக்குப் போறோம்?" என்று பொங்கலுக்குப் பொங்கல் கேட்டாய். இழுத்தடித்தவள் நான்தான். பெற்ற தாய் என்று அதில் உன் பெயர் இருக்கும், வளர்ந்ததும் முகிலன் படித்துவிடுவான் என்று பயந்தேன். "படிச்சா இன்னா? ரெண்டு அம்மா ஜாஸ்தியா?" என்றாய். எனக்குத்தான் மனசு வரவில்லை.

தாய்க்குக் கடைசி மகன் கொள்ளிச்சட்டி தூக்குவது நம் வழக்கம். "சின்னவன கூப்புடுங்கப்பா" என்று பங்காளி ஒருவர் குரல் கொடுத்தார். எல்லோரும் முகிலனைப் பார்த்தார்கள். அவன் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "சித்தி ஏம்மா எழுந்துக்கல?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். நான் அவன் கையை விடவில்லை. உன் இரண்டாமவன் தூக்கினான். உன்னை அப்படித்தான் அனுப்பிவைத்தேன்.

இனி உன் வீட்டுக்காரர் ஒருவரின் கையெழுத்து போதுமாம். போய்க் கேட்டேன். "போடறேன் அண்ணி. காரியத்தன்னிக்கு அவன் மொட்ட போட்டுக்கினு உக்காரட்டும். பெத்தவளுக்கு அதையாவது செய்யட்டும். அதுகூட முடியாதுன்னா புள்ள இங்கயே இருக்கட்டும்" என்றார். அழுதுகொண்டேதான் சொன்னார். அதில் என்ன தப்பு இருக்கிறது? சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

உன்னைத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் இந்த விஷயம் தெரியும். அவனுக்கு மட்டும் தெரியாது. உனக்கு எழுதும் இதைப் படிக்கிறவர்கள் நான் சொல்லும்வரை அவனிடம் வாய்விட வேண்டாம்.

உன்னுடையது என்று என்னிடம் இருப்பது அவன்தான். உன் மூக்கு, உன் வாய்த்துடுக்கு. நாளை உன் காரியம். மொட்டை போடத் தலையில் தண்ணீர் தெளிக்கும்போது, "சித்திக்கு நான் ஏம்மா?" என்று நிச்சயம் கேட்பான். மறைத்தால் உன்னை இரண்டாம் தடவை அனுப்பியதாகும். சொன்னால் என் கையை விட்டுவிடுவானோ என்று நடுங்குகிறேன். உன்னை யாரென்று நான் அவனிடம் சொல்லட்டும், சிட்டு?