தொங்கு பாலத்துச் சாரல்

ஒகேனக்கல் தொங்கு பாலத்தைப் பாக்கணும்னு எங்க வூட்டுக்காரரு ஒத்தக்கால்ல நின்னாரு. கிட்னி ரெண்டும் போயி, தருமபுரியில டயாலிசிஸ் பண்ணிட்டிருந்த சமயம். ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணிக்கு மேல கூடாதுன்னு டாக்டர் கண்டிசனா சொல்லியிருந்தாங்க. மாத்திரை, காப்பி, ரசம் எல்லாம் சேர்த்துத்தான் அது.

நல்லம்பள்ளிப் பக்கம் எங்க ஊருல டேங்க் ஆபரேட்டரா இருந்தவரு. குழாய் வழியா எங்க ஊருக்கு வர்ற ஒகேனக்கல் தண்ணியைத் தெருத்தெருவா வால்வு திறந்து விட்ட மனுசன். "ஊருக்கெல்லாம் விட்டேன், அது ஓடற எடத்த மேல நின்னு ஒருக்கா பாத்துட்டு வந்துடறேன் புள்ள"ன்னாரு. அவ்வளவு தண்ணியைப் பாத்துட்டுக் குடிக்காம இருப்பாரா? குடிச்சா மூச்சு முட்டும், ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடணும்.

"பாக்கறதோட சரி. கையை நனைச்சீங்க, அடுத்த பஸ்சுல ஏத்திடுவேன்"னு மிரட்டித்தான் கூட்டிட்டுப் போனேன். அளந்து கொண்டு போன பாட்டில் பென்னாகரம் தாண்டறதுக்குள்ள காலி.

பாலத்துல டிக்கெட் கிழிச்சவரை நோண்டி நோண்டிக் கேட்டாரு. இந்தக் கம்பிதான் அத்தனை பேரையும் தாங்குதா, வெள்ளம் வந்தா என்ன பண்ணுவீங்கன்னு. கம்பிதாங்க தாங்குது, தண்ணி ஏறினா பூட்டிடுவோம்னு அவரும் சலிக்காம சொன்னாரு. "நம்ம வால்வு மாதிரிதான்"னு இவரு சிரிச்சாரு. அந்தச் சிரிப்பைப் பாத்து எத்தனையோ மாசமாச்சு.

நடுப்பாலத்துல நின்னோம். கீழ காவேரி பாறையில மோதி, சாரல் மூஞ்சியில அடிச்சுது. அவரோட ரெண்டு கையையும் கெட்டியா பிடிச்சிக்கிட்டேன். பாலம் ஆடுதுன்னு பயந்து பிடிச்சேன்னு பாத்தவங்க நினைச்சிருப்பாங்க. அவரு கண்ணை மூடிக்கிட்டு, உதட்டுல விழுந்த சாரலை நாக்கால தொட்டுத் தொட்டுக் குடிச்சாரு. நான் பாக்காத மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன். என்ன பொழப்பு இதுன்னு அழுகை வந்துடுச்சு.

அந்த வருசம் ஐப்பசியில உசுரு இழுத்துக்கிட்டுக் கெடந்தாரு. வழக்கப்படி சொந்தக்காரங்க ஆளுக்கொரு ஸ்பூன் பால் வாயில விட்டாங்க. என் முறை வந்தப்ப நான் பாலைத் தொடல. குழாயில பிடிச்சு வெச்சிருந்த ஒகேனக்கல் தண்ணியை டம்ளர் நெறைய எடுத்தேன். "ஒரு ஸ்பூன் போதும்மா"ன்னு நாத்தனார் கையைப் பிடிச்சாங்க.

"இத்தன நாளா அளந்து குடுத்தது போதும், விடுங்க"ன்னு சொல்லி ஊத்தினேன்.

ஒரு வாய்கூட உள்ள எறங்கல. கன்னத்தோரமா வழிஞ்சு தலகாணியை நனைச்சுது.