ஐந்தாம் பக்கத்தோடு விற்கப்படும்

மே, மூன்றாம் வியாழன். காலை ஆறு இருபதுக்கு என் மனைவி இறந்தாள்.

நவம்பர், கடைசி வாரம். என் முதல் நாவல் கீழ்க்கட்டளையில் ஓர் அச்சகத்தில் அச்சாகி, ராஜகீழ்ப்பாக்கத்தில் உள்ள என் வீட்டுக்கு வந்தது. ஐந்நூறு பிரதிகள். தையல் பைண்டிங்.

டிசம்பர், முதல் ஞாயிறு. எங்கள் தெருவின் நான்காம் வீட்டுக்காரர், தை மாதம் நடக்கவிருந்த தம் மகள் திருமணத்தில் தாம்பூலப் பைகளில் வைக்க இருநூறு பிரதிகள் கேட்டார். ஒப்புக்கொண்டேன்.

ஜனவரி, முதல் வெள்ளி. ஐந்தாம் பக்கத்தை மட்டும் நீக்கித் தர முடியுமா என்று கேட்டார்.

அடுத்த திங்கள். முடியாது என்றேன்.

நடந்தவை இவ்வளவே. இனி எழுதுவது என் தரப்பு. அது நடுநிலையாக இருக்கும் என்று நான் உறுதி கூறவில்லை.

முப்பத்துநான்கு ஆண்டுகள் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தேன். அதில் கடைசிப் பதினோரு ஆண்டுகள், தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்ரயிலில் தினமும் ஒரே பெட்டியில் ஏறும் ஆறு பேரைப் பற்றி ஒரு நாவல் எழுதினேன். சக பேராசிரியர்கள் இதை ஒரு நோயைப் போல மென்மையாக விசாரித்தார்கள். என் மனைவி விசாரிக்கவில்லை, படித்தாள். பள்ளியில் கணக்கு ஆசிரியை. ஏழு வரைவுகளையும் பென்சிலால் திருத்தினாள். ஏழாவதன் முகப்பில் அவள் எழுதியது: ‘நாற்பது பக்கம் குறைக்கவும். யாரையும் அழவைக்க முயல வேண்டாம்.’

அந்தக் கையெழுத்தை அப்படியே படியெடுத்து ஐந்தாம் பக்கத்தில் அச்சிட்டேன். கீழே அவள் பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு. புகைப்படம் இல்லை, நினைவஞ்சலி என்ற சொல்லும் இல்லை.

ஆண்டுத் திதி முடியாமல் நூலை வெளியிடலாகாது என்று உறவினர் பலர் சொன்னார்கள். நான் விழா எடுக்கவில்லை, விற்றேன். அது இன்னும் மோசம் என்பது அவர்கள் கருத்து. “பொண்டாட்டி போய் ஒரு வருஷம் ஆகல, இவருக்கு விளம்பரம் கேக்குதா?” என்று ஒரு மாமா குரல்செய்தியாகவே அனுப்பிவைத்தார். ஆம், கேட்டது. துக்கம் காக்கிறவன் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார வேண்டும் என்றால், வேறு யார் ஊரார் கதவைத் தட்டி என் புத்தகத்தை அவர்கள் கையில் கொடுப்பது? எனக்குப் பதிப்பகம் இல்லை. நான்தான் இருந்தேன்.

தெரு வாட்ஸப் குழுவில் அட்டைப்படத்தைப் போட்டேன். தண்ணீர் லாரி அறிவிப்புக்கும் காணாமற்போன பூனைக்கும் நடுவே அது நின்றது. ஏராளமான கூப்பிய கைகள் வந்தன. வாங்குகிறவர் ஒருவரும் வரவில்லை. அப்போதுதான் நான்காம் வீட்டுக்காரர் வந்தார்.

“அண்ணா, என் பொண்ணு ஒரே பிடிவாதம். எவர்சில்வர் டப்பா வேணாமாம், பிளாஸ்டிக் கிண்ணம் வேணாமாம். வர்றவங்களுக்கு புக்குதான் குடுக்கணுமாம். உங்க புக்கு நல்லா மஞ்சளா, மங்களகரமா இருக்கு. இருநூறு குடுத்துடுங்க.”

அது மஞ்சள் கிழங்கின் மஞ்சள் அன்று. ரயில் நிலையப் பெயர்ப்பலகையின் மஞ்சள். அவர் நூலைத் திறந்துகூடப் பார்த்திருக்கவில்லை. அது எனக்கு அப்போதே தெரிந்தது. ஐந்தாம் பக்கத்தை அவரிடம் காட்டியிருக்க வேண்டும். காட்டவில்லை. இருநூறு வீடுகள் என்ற எண் என் வாயை அடைத்துவிட்டது. இந்தத் தவறு என்னுடையது. இதை வேறு யார்மீதும் சுமத்தமாட்டேன்.

ஜனவரியில் அவர் மறுபடி வந்தபோது உட்காரவில்லை.

“தப்பா எடுத்துக்காதீங்கண்ணா. அண்ணிமேல எங்களுக்கு எவ்ளோ மரியாதைன்னு உங்களுக்கே தெரியும். ஆனா கல்யாணப் பையில, தேங்காய் பக்கத்துல, இறந்த வருஷம் போட்ட பக்கம்... சம்பந்தி வீட்ல பாத்தா என்ன சொல்வாங்க? அந்த ஒரு பக்கம் மட்டும் எடுத்துட முடியுமா?”

யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். அன்றிரவு பெங்களூரிலிருந்து மகன் பேசினான்.

“ஒரே ஒரு பேப்பர்ப்பா. இருநூறு குடும்பம் படிக்கும். அம்மா இருந்திருந்தா, ‘கிழிச்சுக் குடுத்துட்டு வேற வேலையப் பாருங்க’ன்னுதான் சொல்லியிருப்பாங்க.”

சொல்லியிருப்பாள்தான். அவள் சொன்ன எல்லாவற்றையும் நான் கேட்டதில்லை என்று பதில் சொன்னேன். அதைச் சொல்லிவிட்டு, சனிக்கிழமை காலை ஒரு பிரதியைப் பையில் வைத்துக்கொண்டு, பஸ் ஏறி, கீழ்க்கட்டளை அச்சகத்துக்குப் போனேன். பக்கத்தை வெட்டித் தர முடியுமா என்று கேட்கத்தான் போனேன். இதை மறைத்து எழுதினால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

அச்சகத்துக்காரர் நூலை விரித்து, மடிப்பில் விரல் வைத்துக் காட்டினார்.

“பிளேடு போட்டா ரெண்டு நிமிஷ வேலை சார். ஆனா நீங்கதான் ஒட்டு பைண்டிங் வேணாம், தையல்தான் வேணும்னு நின்னீங்க. தையல்ல ஒவ்வொரு தாளும் இன்னொரு தாளோட ஜோடி. ரெண்டும் ஒரே ஷீட்டு, நடுவுல மடிச்சு நூல் போட்டிருக்கு. இதை அடியோட எடுத்தா அதுக்குப் பிடிப்பு போய்டும். இப்ப ஒண்ணும் தெரியாது. நாலு தரம் புரட்டினா தானா கையோட வந்துடும்.”

“எந்தத் தாள்?”

அவர் எண்ணினார். “பதினொண்ணு, பன்னெண்டு.”

பிரித்துப் பார்த்தேன். முதல் அத்தியாயத்தில், ஆறு பேரும் பெட்டியில் ஏறும் இடம்.

“ஓரத்துல கொஞ்சம் விட்டு வெட்டலாம் சார், நிக்கும். ஆனா கிழிச்ச தடம் தெரியும்.”

நூலை வாங்கிப் பைக்குள் வைத்தேன். வேண்டாம் என்றேன். அவர் டீ சொன்னார். குடித்துவிட்டு வந்தேன்.

திங்களன்று நான்காம் வீட்டுக்குப் போய், வாசலில் நின்றே சொன்னேன்: “புத்தகம் ஐந்தாம் பக்கத்தோடுதான் வரும்.” “அப்ப வேணாம்ணா,” என்றார். திருமணத்துக்கு எனக்குப் பத்திரிகை வைக்கவில்லை. வருடம் திரும்பாத வீட்டுக்கு வைப்பதில்லை என்பது அவர்கள் வழக்கம். அட்டை மஞ்சளாகத் தெரிந்தவரை என் புத்தகத்துக்கு மட்டும் அந்த வழக்கம் குறுக்கே நிற்கவில்லை. தாம்பூலப் பையில் எவர்சில்வர் டப்பா போனதாகக் கேள்விப்பட்டேன்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை, இருபது பிரதிகளை ஒரு பெட்டியில் அடுக்கி, மேற்குத் தாம்பரம் ரயில் நிலையத்துக்கு வெளியே, நடைமேம்பாலப் படிகளின் அடியில் ஒரு மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் பூக்கடை. பூ விற்கும் பெண் என்னை ஒருமணி நேரம் கவனித்தாள்.

“இன்னா சார், கவர்மென்ட் எக்ஸாம் புக்கா?”

“இல்லை. நாவல். நான் எழுதியது.”

“நீ எழுதினதா? அத்த வாயத் தொறந்து சொல்லாம குந்திகினு கீறியே, எவன் வாங்குவான்? கூவு சார்!”

எழுபது மாணவர்களுக்கு ஒலிபெருக்கி இல்லாமல் பாடம் எடுத்தவன். என் பெயரைச் சொல்லி ஒரு வாக்கியம் கூவ முடியவில்லை. அவளே கூவினாள். “வாம்மா, வாங்க சார்! காலேஜு வாத்தியார் எழுதின புக்கு! எழுதின ஆளே இங்க கீறாரு, பாத்துக்கோ!” இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் நடைமேடை எண் கேட்டார்.

மூன்றாம் ஞாயிறு எனக்கு ஒரு வாக்கியம் வந்தது: “தினமும் இந்த ரயிலில் போகிறவர்களைப் பற்றியது. நான் எழுதினேன்.” கூவவில்லை. வகுப்பில் பேசும் குரலில் சொன்னேன். அலுவலக அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்த ஒரு பெண் நின்றாள். நூலைப் புரட்டியவள் ஐந்தாம் பக்கத்தில் நிறுத்தி, படித்து, சிரித்துவிட்டாள்.

“யாரு சார் உங்கள இவ்ளோ தைரியமா திட்டினது?”

“என் மனைவி.”

கீழே இருந்த இரண்டு ஆண்டுகளையும் அவள் பார்த்தாள். சிரிப்பை அவசரமாக மறைத்துக்கொள்ளவில்லை. அதற்காக அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

“நாப்பது பக்கம் கொறச்சீங்களா?”

“முப்பத்தெட்டு.”

“கேக்கல பாருங்க,” என்று சொல்லி ஒரு பிரதியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு படியேறினாள். பூக்காரப் பெண் என்னைப் பார்த்துத் தலையாட்டினாள், தேறிய மாணவனைப் பார்ப்பது போல.

இப்போதும் ஞாயிறுதோறும் அங்கே இருக்கிறேன். வருடம் இன்னும் திரும்பவில்லை.

செய்யாமல் நிற்கும் வேலைகள்:

நான்காம் வீட்டுப் பெண்ணுக்குத் திருமணப் பரிசாக ஒரு பிரதி கொடுப்பது. முழுதாக.

மாமாவின் குரல்செய்திக்குப் பதில் அனுப்புவது.

கட்டிலுக்கு அடியில் இருக்கும் மூன்று புத்தகப் பெட்டிகளைத் திறப்பது.

கூவக் கற்றுக்கொள்வது.

அவள் சொன்னதில் மீதமுள்ள இரண்டு பக்கங்களைக் குறைப்பது. (இதைச் செய்வதாக இல்லை.)