அம்மன் தோளில் விழுந்த கோடு

நான் ஆபீஸ் அறைக்குள் நுழைந்தபோது அண்ணன் கலர் காப்பியர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். கையில் உளி இல்லாமல் அவரைப் பார்ப்பது அபூர்வம்.

"தங்கச்சி, அம்மன் போட்டோவுல கோடு கீதாம். வெடிச்ச கல்லுன்றாங்க. செலையே வேணான்றாங்க."

படூரில் கம்ப்யூட்டர் படித்து முடித்த கையோடு மாமல்லபுரத்தில் இந்தச் சிற்பக்கூடத்தில் சேர்ந்திருந்தேன். செங்கல்பட்டிலிருந்து தினமும் பஸ். சிலைகளைப் படமெடுப்பது, கேட்லாக் செய்வது, மெயிலுக்குப் பதில் போடுவது என் வேலை. அண்ணன்தான் முதலாளி, அண்ணன்தான் சிற்பி. உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிராமத்துப் புதுக் கோயிலுக்காக ஓர் அம்மன் சிலையை அப்போதுதான் முடித்திருந்தார். கும்பாபிஷேகத்துக்கு முன் ஊரார் பார்க்கட்டும் என்று பெரிய படமாக அச்செடுத்து, முந்தின நாள் கமிட்டித் தலைவருக்குக் கொடுத்தனுப்பினோம். கருங்கல்லின் கருமையில் அந்தக் கோடு எங்கள் யார் கண்ணிலும் படவில்லை. டீக்கடையில் மாட்டியதும் ஊரே பார்த்துவிட்டது. இடது தோளிலிருந்து மார்பு வழியாக மயிரிழை போல ஒரு வெடிப்பு.

வெடித்த சிலையைக் கருவறையில் வைக்க மாட்டார்கள். வெடித்த கல்லைப் பூசித் தலையில் கட்டப் பார்த்தார் என்று ஓர் ஊர் சொல்லிவிட்டால், அப்புறம் எந்த ஊரும் அண்ணனைத் தேடி வராது.

"மத்தியானம் வராங்க. மெஷின சரி பண்ணு. பளிச்சுனு ஒண்ணு எடுத்து குட்த்துரலாம்."

இந்த மாதிரி வேலை கிடைத்தால் எனக்குப் பசியே மறந்துவிடும். முதலில் மேலே இருக்கும் ஸ்கேனர் கண்ணாடியைத் துடைத்தேன். துடைத்துக்கொண்டிருக்கும்போதே உறைத்தது, கம்ப்யூட்டரிலிருந்து அனுப்பும் படம் அந்தக் கண்ணாடிப் பக்கமே போவதில்லை. பேப்பரை மாற்றினேன். கோடு அதே இடத்தில். பிறகு நான்கு நிற டோனர் மைக்கும் தனித்தனியாக ஒரு தாள் அடித்துப் பார்த்தேன். கருப்பில் மட்டும் கோடு விழுந்தது. அப்படியென்றால் கருப்பு மையைத் தாளில் பதிக்கும் டிரம் பக்கம்தான் கோளாறு. டிரம்முக்கு மின்னேற்றுகிற மெல்லிய கம்பியில் எங்கோ தூசு ஒட்டியிருக்க வேண்டும். ஜன்னலுக்கு வெளியே நாள் முழுக்கக் கல் அறுக்கிறார்கள், ஒட்டாமல் என்ன செய்யும். அதைத் துடைக்க மெஷினிலேயே ஒரு குச்சி இருக்கிறது. இழுத்து இழுத்துத் தள்ளினால் போதும்.

குச்சியில் கை வைத்தவள் நிறுத்திவிட்டேன்.

"அண்ணா, இதை இப்ப தொடைக்கக் கூடாது."

"இன்னா, வெளையாட்றியா?"

"தொடைச்சிட்டு நல்ல படத்தைக் குடுத்தா, கம்ப்யூட்டர்ல அழிச்சிட்டோம்னு சொல்லுவாங்க. கோடு இருக்கட்டும். அவங்க கண்ணு முன்னாடியே விழட்டும்."

அவர் வெளியே போய்ச் சிலைமேல் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிவிட்டு, அது காயும்வரை தோளையே பார்த்துக்கொண்டு நின்றார். வெடிப்பு இருந்தால் மற்ற இடமெல்லாம் காய்ந்த பிறகும் அந்தக் கோடு மட்டும் ஈரமாக நிற்கும். காய்ந்தது. கோடு எதுவும் இல்லை. மறுபடியும் ஊற்றினார். தானே தேடி எடுத்த கல்லைத் தானே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

மதியம் கமிட்டித் தலைவரும் அவருடைய மச்சானும் ஒரே பைக்கில் வந்து இறங்கினார்கள். அண்ணன் உளியின் பின்பக்கத்தால் அம்மன் தோளைத் தட்டினார். கணீரென்றது.

"சத்தம் நல்லாத்தான் கீது," என்றார் தலைவர். "பூசி வச்சா நம்ம கண்ணுக்கா தெரியும்? கேமராவுக்குத் தெரிஞ்சிக்கீது."

போனில் இருந்த மூலப்படத்தைக் காட்டினேன்.

"போன்ல இன்னா வேணா அழிக்கலாம் பாப்பா. என் பொண்ணு என்னையே செவப்பாக்கி ஸ்டேட்டஸ் வச்சிக்கீறா."

"அப்படியே நில்லுங்க சார்," என்று சொல்லி அவரையே ஒரு படம் எடுத்து அச்சுக்கு அனுப்பினேன். தாள் வெளியே வந்தது. நெற்றியில் தொடங்கி மீசை வழியாகக் கீழே இறங்கியது கோடு.

மச்சான் எட்டிப் பார்த்தார். "மச்சான், நீயும் வெடிச்ச கல்லுதான். உன்னையும் உள்ள வெக்க முடியாது."

தலைவர் சிரிக்கவில்லை. தாளை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு தயங்கி, "அம்மன் போட்டோவ தலகீழா எடுக்க முடியுமா?" என்றார். கேட்ட கையோடு செருப்பைக் கழற்றிவிட்டு, "மன்னிச்சிக்கோ தாயே," என்று முணுமுணுத்தார்.

இது எனக்குத் தோன்றவே இல்லை. படத்தைத் தலைகீழாகத் திருப்பி அனுப்பினேன். தாளில் கோடு பழைய இடத்திலேயே இருந்தது. அம்மனுக்கு மட்டும் அது வலது தோளுக்கு மாறியிருந்தது.

"கோடு பேப்பரோட கோடு," என்றார் தலைவர். சொல்லிவிட்டு அண்ணனைப் பார்த்தார். "பேஜாராப் பூட்ச்சிபா. ஊர்ல வாய்க்கு வந்தபடி பேசிட்டானுங்க. நானும் பேசிட்டேன்."

அண்ணன் தலையை மட்டும் அசைத்தார்.

குச்சியைத் தலைவரையே இழுக்கச் சொன்னேன். கிணற்றில் தண்ணீர் சேந்துகிறவர் மாதிரி இழுத்து இழுத்துத் தள்ளினார். அடுத்த தாளில் அம்மன் துல்லியமாக வந்தாள். அதை வாங்கிக்கொண்டவர் கோடு விழுந்த தாள்களையும் கேட்டார்.

"எல்லாத்தையும் டீக்கடையில வரிசையா மாட்டணும். என் மூஞ்சியயும் சேத்து."

அவர்கள் போனதும் அண்ணன் சொம்பை எடுத்துத் தொட்டி மேல் கவிழ்த்து வைத்தார். மறுநாள் காலை நான் வந்தபோது காப்பியர் ஜன்னலோரத்தில் இல்லை. உள்சுவரை ஒட்டி நகர்த்தி, முடிந்த சிலைகளுக்குப் போர்த்துகிற வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்.

"துணிய எட்த்துட்டு ஒரு கும்புடு போட்டுட்டு ஆன் பண்ணு," என்று வெளியிலிருந்து அவர் குரல் வந்தது. கூடவே உளிச் சத்தமும்.