சிப்பாய்களுக்குச் சமைத்தவன்

என் தம்பி விழுப்புரத்தில் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டராக இருந்தான். குவைத்தில் ஹோட்டல் வேலை என்று திண்டிவனத்து ஏஜென்ட் ஒருவர் சொன்னதை நம்பிப் போனான். இறங்கியதும் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு, லாரியில் ஏற்றி எல்லைக்கு அப்பால் கொண்டுபோய்விட்டார்கள். அது போர் நடந்துகொண்டிருந்த நாடு. படையெடுத்து வந்த ராணுவத்தின் முகாமில் அவனுக்குச் சமையல் வேலை.

"ஹோட்டலுன்னுதானடா சொன்னாங்க?" என்று போனில் கேட்டேன்.

"சோறாக்குறதுதான்க்கா. துப்பாக்கியா குடுத்தாங்க?" என்றான்.

மற்றதையெல்லாம் ஊர் திரும்பிய பிறகுதான், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். ராணுவம் ஒரு நாட்டுடையது; சாப்பாட்டு கான்ட்ராக்ட் ஒரு பெரிய கம்பெனிக்கு; அதற்கு ஆள் பிடித்துத் தருவது வேறொரு கம்பெனி. அடுப்படியில் நின்றது நம்மவர்களும் நேபாளிகளும். முகாமுக்குள் ஐஸ்கிரீம்கூட உண்டு. வேலிக்கு வெளியே எண்ணெய்க் குழாய்க்குக் காவலாக ராணுவ வண்டிகள் நிற்கும்.

"மண்ணுக்கடியில அவ்ளோ எண்ணெய் கெடக்குதுக்கா. அந்த ஊரு ஜனங்க ஒரு கேன் மண்ணெண்ணெய்க்கு வெயில்ல நின்னுக்கினு இருக்கும்."

ஒரு மதியம் முகாமில் ராக்கெட் விழுந்தது. சைரன் கேட்டதும் சிப்பாய்கள் பதுங்கு அறைக்குள் ஓடினார்கள். சமையல்காரர்களை உள்ளே விடவில்லை. மேசைக்கடியில் படுத்துக்கொண்டார்கள். பக்கத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த நேபாளி அதன் பிறகு எழுந்திருக்கவில்லை. ஓடும் வழியிலேயே செத்த சிப்பாய்களின் படத்தை டிவியில் காட்டினார்கள். அந்த நேபாளியின் படம் வரவில்லை. ராத்திரிச் சாப்பாடு நேரத்துக்குத் தயாராக வேண்டும் என்றார் சூப்பர்வைசர். தம்பி தரையைக் கழுவிவிட்டு அடுப்பைப் பற்ற வைத்திருக்கிறான்.

போன மாதம், வேறொரு போர் தொடங்கியிருந்த சமயம், அதே ஏஜென்ட் திண்டிவனத்து லாட்ஜ் ஒன்றில் ஆள் எடுப்பதாகத் தம்பி கேள்விப்பட்டான். ஏஜென்டை அடித்துவிடுவானோ என்ற பயத்தில் நானும் கூடப் போனேன். அவன் ஏஜென்டைப் பார்க்கவே இல்லை. மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்திருந்த இளைஞர்களிடம் போய் நின்றான்.

"அது ஹோட்டல் இல்லப்பா. சண்டை நடக்குற எடம். குண்டு விழும்."

இரண்டு பேர் எழுந்து போனார்கள். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். ஒருவன் மட்டும் பேசினான்.

"தெரியும்ணா. டிப்ளமோ முடிச்சிட்டு மூட்ட தூக்கிக்கினு இருக்கேன். இங்க யாருண்ணா கூப்புடுறாங்க?"

தம்பி கோபப்படுவான் என்று நினைத்தேன். அவன் அந்தப் பையன் பக்கத்தில் படியில் உட்கார்ந்தான்.

"பாஸ்போர்ட்ட குடுத்துடாத. சைரன் கேட்டா சிப்பாய்ங்க ஓடுற பக்கமே ஓடு. தடுத்தாலும் உள்ள பூந்துடு."

பையன் தலையாட்டினான். உள்ளேயிருந்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். அந்தப் பையன் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போனான்.