பின்வளவு

நான் பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில் வீடு விற்கும் கடை ஒன்று இருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் வீடுகளின் படமும் விலையும் தொங்கும். போகிறவன் வருகிறவன் எல்லாம் வாசிக்கலாம். இங்கிலாந்தில் இந்த லெஸ்டருக்கு வந்து பன்னிரண்டு வருடமாகியும் எனக்கு அது கூச்சமாகவே இருக்கிறது. இலங்கையில் எங்கள் ஊரான சாய்ந்தமருதில் ஒரு வளவு விலைக்கு வந்தால் பலகை மாட்ட மாட்டோம். மாட்டினால் அந்தக் குடும்பம் நொடித்துவிட்டதென்று ஊர் முடிவு கட்டிவிடும். அசர் தொழுகைக்குப் பிறகு தேத்தண்ணிக் கடையில் தரகர் காதோடு காதாகச் சொல்லுவார். வாங்குகிறவர் இன்னாரென்பது கடைசியில்தான் வெளிவரும்.

அப்படித்தான் நானும் பத்துப் பேர்ச் நிலம் வாங்கினேன், ஒன்பது வயது மகளுக்காக. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுவார். பெண் பிறந்த அன்றே தகப்பனுக்குக் கல், மண் நினைப்பு வந்துவிடும். வேலைத்தலத்தில் ஒரு வெள்ளைக்காரரிடம் இதைச் சொன்னேன். “நல்ல முதலீடு. எப்போது விற்பாய்?” என்றார். “விற்க மாட்டேன், மகளின் கலியாணத்துக்கு” என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. “மாப்பிள்ளை பார்த்தாயிற்றா?” என்று கவலையோடு கேட்டார். அவருக்கு விளக்குவதற்குள் தேநீர் இடைவேளை முடிந்துவிட்டது.

ரூபாய் விழுந்ததிலிருந்து ஊரில் நிலத்தின் விலை ஒரு சீராக இல்லை. பிரதான வீதிப் பக்கம் வெளிநாட்டுக் காசு ஏற்றிவிட்ட விலை. நாலு ஒழுங்கை தள்ளி, சுனாமி அடித்த கடற்கரைப் பக்கம் கேட்பாரில்லை. சம்பளக்காரர்களுக்குக் கட்டுப்படியாவது அதுதான். ஆனால் அங்கே வீடு கொடுத்தால் மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளிப்பார்கள். “இன்னொரு ஆளும் கேக்கிறார் தம்பி, கொஞ்சம் கூட்டுங்க” என்று தரகர் போனில் சொல்லச் சொல்ல, நான் மூன்று தடவை கூட்டினேன். இங்கிலாந்துப் பவுணில் அது பெரிதாகத் தெரியவில்லை. வென்றபோது சந்தோஷமாகக்கூட இருந்தது.

அந்த வளவு மாமியின் மகன் அன்சாரின் வீட்டுக்குப் பின்னால் கிடந்தது. அன்சார் பள்ளிக்கூட வாத்தியார். கலியாண வயதில் மகள். அந்த இன்னொரு ஆள் அவனாக இருக்கலாமென்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை, அல்லது நான் தோன்ற விடவில்லை.

நிலத்தின் உறுதிப் பத்திரம் எழுத ஊருக்குப் போனபோது அவனே தேடி வந்தான்.

“நீதானா மச்சான் எடுத்த? நானும் கேட்டுப் பாத்தன். அல்ஹம்துலில்லாஹ், அன்னியன் கையில போகல்ல.”

“நீயே எடு. நீ கேட்ட விலைக்கே தாறன்” என்றேன்.

“இனி எடுத்து எப்ப வீடு கட்டுற? கலியாணம் அடுத்த மாசம். என்ட வீட்டையே மகளுக்கு எழுதிட்டன். நாங்க ரெண்டு பேரும் கடற்கரைப் பக்கம் வாடகைக்குப் போறம்.” பிறகு தயங்கிக் கேட்டான்: “வளவு சும்மாதானே கிடக்குது, பந்தலைப் போடட்டா?”

வளவு வாசல் படலையின் சாவியைக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினேன்.

கலியாணத்தன்று வீடியோவில் பார்த்தேன். என் மண்ணில் பாய் விரித்து, சகன் என்ற பெரிய சோற்றுத் தட்டுகளைச் சுற்றி ஊரே உட்கார்ந்து சாப்பிட்டது. என் மகள் எட்டிப் பார்த்து, அது யாருடைய இடம் என்று கேட்டாள். நம்முடையது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் பந்தலைப் பிரித்தபின் அன்சார் அழைத்தான். கையில் சாவி.

“மச்சான், நாங்க இண்டைக்கு அங்கால போறம். இத ஆரிட்டக் குடுக்க?”

பிறந்து வளர்ந்த ஊரில் ஒரு பெயரைத் தேடினேன். அவன் பெயரைத் தவிர வேறொன்றும் வரவில்லை.