பாலேஸ்வரி குளிக்கவிருக்கும் கிணறு

வெள்ளவத்தையில் கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் சிவபாதசுந்தரம் ஒரு கிணற்றை ஆண்டுவந்தார். சுற்றிவரக் காணிகளெல்லாம் மாடிகளாக எழும்பி, கிணறுகள் தூர்க்கப்பட்டு, அவற்றின்மேல் கார்கள் நிறுத்தப்பட்ட காலம் அது. இவருடையது மட்டும் மிஞ்சியிருந்தது. வீட்டுக்குள் குழாய்த்தண்ணீர் தாராளமாக வந்தது. தேத்தண்ணிக்கும் சட்டி கழுவவும் அது போதும். கிணறு வேறு விஷயம். அது பாலேஸ்வரி குளிக்கிற இடம்.

பாலேஸ்வரி அவருடைய மனைவி. மகளின் பிள்ளைப்பேற்றுக்கென்று ரொறன்ரோவுக்குப் போனவர், பேரப்பிள்ளைகள் பெருகப் பெருக அங்கேயே தங்கிவிட்டார். போனில் வைபர் அழைப்பெடுத்தால், கணவரைச் சுகம் விசாரிக்க முன்னர் கிணற்றை விசாரிப்பார்.

"இஞ்சருங்கோ, தண்ணி எப்பிடி?"

"தண்ணி இருக்குது. நீர் எப்ப வாறீர்?"

"சித்திரையிலை வாறன். இஞ்ச ஷவரிலை நிண்டால் ஆரோ பூவாளியாலை கத்தரிக்கண்டு நனைக்கிற மாதிரிக் கிடக்கு. வந்த உடன முதல் வேலை கிணத்தடிதான்."

அந்த முதல் வேலையில் தண்ணீர் அள்ளிக் கொடுக்கும் உத்தியோகம் சிவபாதசுந்தரத்துக்கு உரியது. கல்யாணம் கட்டிய வருஷத்தில் கிடைத்த நியமனம். அரசாங்க வேலையில் ஓய்வு கொடுத்தார்கள். இதில் யாரும் கொடுக்கவில்லை. ஆகவே பதவியில் இருப்பவராகவே தன்னைக் கருதி, வாளிக்கயிற்றை வருஷாவருஷம் மாற்றிவந்தார்.

மாசியில் கிணறு நாற்றமாய் மணத்தது. முதலில் தன் மூக்கைச் சந்தேகித்தார், பிறகு பக்கத்து எட்டு மாடியை. அங்குள்ளவர்களின் கழிவுநீரைச் சுத்தமாக்க மதிலோரம் ஓர் இயந்திரம் ஓயாமல் உறுமும். வெளியேறும் நீர் தெருவின் கழிவுக்குழாய்க்குப் போயிருக்கவேண்டும். குழாய் பொருத்துவது கரைச்சல் என்று அதை மதிலடியில் ஒரு குழிக்குள் விட்டிருந்தார்கள். குழியிலிருந்து அது தன் இஷ்டப்படி மணலுக்குள் உலாப் போனது.

மாடியின் கமிற்றித் தலைவர் சிவபாலன். கிணற்றுத் தண்ணீரில் பொங்கினால்தான் பொங்கல் என்று தைப்பொங்கலுக்குக் குடத்தோடு வந்து நிற்பவர்.

"அண்ணை, அது சுத்திகரிச்ச தண்ணி. ரோசாப்பூவுக்கே விடலாம்."

"அப்ப உம்மட ரோசாப்பூவுக்கு விடும் தம்பி. எட்டு மாடியும் கமகமக்கட்டும்."

"கமிற்றி கூடித்தானே முடிவெடுக்கோணும்."

கமிற்றி கூடியது. பற்றிஸ் சாப்பிட்டது. அடுத்த முறையும் கூடுவதென்று ஏகமனதாக முடிவெடுத்தது.

சித்திரை நெருங்கிக்கொண்டிருந்தது. கிணற்றில் குறை கண்டால் யாழ்ப்பாணத்தார் செய்வது ஒன்றுதான்: அடி காண இறைத்துச் சேறு வழித்துப் புது ஊற்றுக்கு இடம் விடுவது. சிவபாதசுந்தரம் பம்ப் வைத்து இறைத்தார். புது ஊற்று வந்தது, பழையதைவிட மணத்தது. தன் இறைப்பில்தான் பக்தி போதவில்லை என்று எண்ணி மறுபடி இறைத்தார். ஒழுங்கை ஆறானது. தெருநாய்கள் இடம்பெயர்ந்தன. கிணறு மேலும் மணத்தது.

கடைசியில், மகளோடு படித்த கொட்டாஞ்சேனை இமெல்டாவை அழைத்தார். அவளுக்குத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. போத்தலில் எடுத்துப்போனவள் சில நாளில் திரும்பி வந்து, பம்பைப் பார்த்தாள், மதிலைப் பார்த்தாள்.

"யார் அங்கிள் இப்படி இறைக்கிறது?"

"நான்தான் பிள்ளை," என்றார் பெருமையோடு.

"இறைக்க இறைக்கத் தண்ணி மட்டம் இறங்க, மணலுக்குள்ள இருக்கிறதெல்லாம் இங்கதான் ஓடி வரும். மணக்கிறதுக்கு முந்தியே கழிவு கொஞ்சம் கலந்துதான் இருந்திருக்கும். மிச்சத்தை நீங்கதான் வெத்திலை வைச்சுக் கூப்பிட்டிருக்கீங்க."

சிவபாதசுந்தரம் கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப என்ன செய்யிறது?"

"அவங்கட குழியை மூடணும். பம்பைக் கழட்டி வைங்க. மழை பெய்து மணல் கழுவுப்படட்டும்."

"சித்திரைக்குள்ளை சரிவருமோ?"

"சித்திரைக்குள்ள எப்படி அங்கிள்? ரெண்டு மழைக்காலமாவது போகணும்."

அவர் நேரே சிவபாலனிடம் போனார்.

"தம்பி, மணக்க முந்தியே கலந்துட்டுதாம். தையிலை நீர் ஆருடைய தண்ணியிலை பொங்கினனீர்?"

சிவபாலனுடைய முகத்தில் சர்க்கரைப் பொங்கல் மெல்ல மேலேறி வந்தது. அந்தப் பொங்கலைக் கமிற்றி முழுவதும் கைநக்கிச் சாப்பிட்டிருந்தது. அன்று பின்னேரமே கமிற்றி கூடியது, பற்றிஸ் இல்லாமல். வாரம் முடியுமுன் குழி மூடப்பட்டு, குழாய் தெருவோடு இணைக்கப்பட்டது.

மிச்சம் இருந்தது வைபர். பொய் சொல்லலாம் என்றும் நினைத்தார். முதல் வாளியிலேயே பிடிபடும்.

"கிணறு இன்னும் சரியில்லை. மழை வேணுமாம்."

"மகளும் திரும்ப முழுகாமல், வயித்திலை பிள்ளையோடை இருக்கிறாள். அப்ப மழை போகட்டும், வாறன்," என்றார் பாலேஸ்வரி. அந்தக் குரலில் இருந்தது கவலையா ஆறுதலா என்று சிவபாதசுந்தரம் ஆராயவில்லை. காலையில் வாளியை இறக்கினார், தூக்கினார், முகர்ந்தார், திரும்ப ஊற்றினார்.

வைகாசியில் ஒருநாள் கடலிலிருந்து மழை இரைந்துகொண்டு வந்தது. அவர் குடையோடு கிணற்றடிக்கு ஓடி, அழைப்பெடுத்து, போனைக் கிணற்றுக்குள் நீட்டினார். அங்கே விடியாத நேரம்.

"கேக்குதோ?"

"ஓம், கேக்குது."

எப்போது வருகிறீர் என்று அவர் கேட்கவில்லை. மனைவியும் திகதி சொல்லவில்லை.

"இன்னும் கொஞ்சம் கிட்டப் பிடியுங்கோ," என்றார் பாலேஸ்வரி.