எண்ணூர் வரை நிற்காமல்

எங்கள் மூன்று பேரிடமும் மோட்டார் சைக்கிள் இருந்தது என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. அந்தக் காலத்திலேயே நம்பவில்லை. ராயபுரத்து ஜனங்கள் நாங்கள் அவற்றைத் தள்ளிக்கொண்டு போவதைத்தான் பார்த்திருக்கிறார்கள். யாரோ முதலாளியின் வண்டியை ரிப்பேருக்குக் கொண்டுபோகிற ஆட்கள் என்று எங்களை நினைத்து, "பாவம், வெயில்ல" என்பார்கள்.

மூன்றும் சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரன் ஓட்டிவிட்டுப் போன வண்டிகள். ராணுவம் ஏலம் விட்டு, எடுத்தவன் வெறுத்து, அவனிடம் வாங்கினவனும் வெறுத்து, அறுபதுகளின் கடைசியில் எங்களிடம் வந்து சேர்ந்தன. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு ஒரு கம்பெனி ஸ்டோரில் நட்டு, போல்ட்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இன்னொருவன் வியாசர்பாடிக்காரன், ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. மூன்றாமவன் ராயபுரத்துக் கோயில் தெரு, ஹார்பரில் ஃபிட்டர். அவன் வண்டிக்கு மட்டும் பக்கத்தில் ஒரு சைடுகார் உண்டு. அதனால் எங்களுக்குள் அவன்தான் ஜமீன்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலிலிருந்து கிளம்புவோம். எண்ணூர் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வருவது திட்டம். ராயபுரத்திலேயே கடல் இருக்கிறதே என்று கேட்கலாம். அதற்கு நடந்தே போய்விடலாமே, வண்டி எதற்கு? ஒருவன் வண்டி நின்றால் மற்ற இரண்டு பேரும் நிறுத்திவிட வேண்டும் என்று ஒரு சட்டம் வைத்திருந்தோம். ரொம்ப நல்ல சட்டம். அதை மீறாமல் நடந்துகொண்டதால் எண்ணூரை மட்டும் பார்க்க முடியவில்லை. திருவொற்றியூர் ரயில்வே கேட்டோடு சரி. கேட்டண்டை டீக்கடைக்காரர் எங்களை மெக்கானிக் என்று முடிவு கட்டி, தன் சைக்கிளைக் கொண்டுவந்து எங்கள் பக்கத்தில் சாய்த்துவிட்டுப் போவார். நாங்களும் செயினை மாட்டிக் கொடுப்போம். அது ஓடும். அதுவே எங்களுக்கு ஒரு ஆறுதல்.

எனக்குக் கவலைப்படுகிற சுபாவம். பிளக், கயிறு, ஓமத்தண்ணி எல்லாம் பையில் இருக்கும். மழை வந்தால் என்ன செய்வது என்று நினைப்பேன். வெயில் அடித்தால் டேங்க் வெடிக்குமோ என்று நினைப்பேன். வண்டி நின்ற பிறகுதான் எனக்கு மூச்சே சீராக வரும்.

அப்போதுதான் ஃபிட்டருக்குப் பெண் கேட்டார்கள். கோயில் பாட்டுக் கோஷ்டியில் பாடுகிற பெண். இவன் ஒரு பூசைகூட விடாமல் வந்துகொண்டிருந்ததற்கு அவள்தான் காரணம். அவள் அப்பா கூட்ஸ் வண்டி கார்டு. வீட்டுக்குப் போன ஃபிட்டரை அவர் உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"இன்னாப்பா, நான் வண்டியோட கேட்டைத் தாண்டும்போதெல்லாம் நீ ரோட்டோரமா குந்திகினு கீற. நாளைக்கு என் பொண்ணும் உங்கூட அங்க குந்தணுமா? அந்த வண்டியை வித்துட்டு வா. இல்லாங்காட்டி வேற எடம் பாத்துக்க."

ஃபிட்டர் முகம் தொங்கிப்போய் வந்தான். "வித்துடு மாமு," என்றேன் நான்.

"இன்னா நைனா பேசுற?" என்று வியாசர்பாடிக்காரன் என்மேல் பாய்ந்தான். "பொண்ணு வேற கெடைக்கும். இந்த மாரி சைடுகாரு கெடைக்குமா?"

"எனக்கு ரெண்டும் வோணும்," என்றான் ஃபிட்டர். சொன்னதோடு நிற்காமல் கார்டிடம் போய் வாயை விட்டுவிட்டான். "ராயபுரத்துலேர்ந்து எண்ணூர் வரைக்கும் எங்கியும் நிக்காம உங்களை இட்டுகினு போறேன் சார். நடுவுல நின்னா வண்டியையும் வித்துடறேன், பொண்ணையும் கேக்க மாட்டேன்." கார்டு உடனே ஒத்துக்கொண்டார். தொல்லை ஒழிய இதைவிட நல்ல வழி அவருக்கு எங்கே கிடைக்கும்?

மூன்று வண்டியை அறுத்து ஒரு வண்டி செய்தோம். வியாசர்பாடி வண்டியின் மேக்னெட்டோ, என் வண்டியின் கார்புரேட்டர், அதன் ஆக்சிலரேட்டர் கேபிள் எல்லாம் ஃபிட்டர் வண்டிக்குப் போயின. வேறு வண்டி இல்லாத வியாசர்பாடிக்காரன் முன்னாலேயே ரயிலேறி எண்ணூர் போய், வருங்கால மாமனாருக்குக் கலர் சோடா வாங்கி வைத்துக்கொண்டு நிற்பதென்று ஏற்பாடு. நான் ஃபிட்டருக்குப் பின்னால், பையோடு.

கார்டு யூனிபாரத்தில், கழுத்தில் விசிலோடு வந்து சைடுகாரில் உட்கார்ந்தார். ஃபிட்டர் உதைத்தான். முதல் உதையிலேயே பிடித்துக்கொண்டது. அப்படி நடந்ததே இல்லையாதலால் நான் பையை இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

போனோம். உண்மையாகவே போனோம். கேட்டில் டீக்கடைக்காரர் சைக்கிளைப் பிடித்தபடி வாயைப் பிளந்துகொண்டு நின்றார். கேட்டைத் தாண்டியதும் ஷிப்ட் விட்ட சைக்கிள் கூட்டம், மாட்டு வண்டி, மீன்கூடைக்காரிகள். ஃபிட்டர் வளைத்து வளைத்துப் போனான். கார்டு விசிலை வாயில் வைத்தவர் எடுக்கவில்லை. விசிலுக்கு ரோடே ஒதுங்கியது. எங்கள் வாழ்க்கையில் அப்படி ஒரு மரியாதையை நாங்கள் பார்த்ததில்லை. 'சேசுவே, நிக்கக் கூடாது, நிக்கக் கூடாது' என்று நான் வேண்டிக்கொண்டேன்.

எண்ணூர் வந்தது. வியாசர்பாடிக்காரன் இரண்டு கையிலும் சோடாவோடு சிரித்துக்கொண்டு நின்றான். அவனையும் தாண்டிப் போனோம்.

"டேய், நிறுத்துடா! எண்ணூரு வந்துட்ச்சு!" என்று ஃபிட்டர் முதுகில் தட்டினேன்.

"எப்டிடா?"

"பிரேக்கைப் போடு!"

ஃபிட்டர் ஒருதரம் திரும்பி என்னைப் பார்த்தான். அந்த வேகத்தில் அவன் திரும்பியிருக்கவே கூடாது. அப்போதுதான் எனக்கும் ஞாபகம் வந்தது. பிரேக் உரசினால் தள்ளுவதற்குக் கஷ்டமாக இருக்கிறதென்று நாங்கள் மூன்று பேரும் எப்போதோ அதைக் கழற்றிப் போட்டுவிட்டோம். எங்கள் வண்டிகளுக்கு நிற்பதற்கு உதவி தேவைப்பட்டதே இல்லை. என் வண்டிக் கேபிள் வேறு அவன் வண்டிக்குக் குட்டை, இழுத்தபடியே நின்றது. கையை எடுத்தாலும் இன்ஜின் அடங்கவில்லை.

"கிளட்சையாவது புடிடா!"

"புடிச்சா இன்ஜின் கத்தி வெடிச்சிடும்டா!" என்றான். மூன்று உயிர் போகிற நேரத்தில் அவனுக்கு அந்தக் கவலை.

ரோடு முடிந்து முகத்துவாரத்து மணல் வந்தது. மணல்தான் எங்களை நிறுத்தியது. நான் விழுந்த இடத்தில் கையைக் காலை எண்ணிப் பார்த்துக்கொண்டேன். சைடுகார் கவிழ்ந்திருந்தது. கார்டு கொஞ்சம் தள்ளி மணலில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார். விசில் இன்னும் வாயில்தான் இருந்தது. அவர் மூச்சு விடும்போதெல்லாம் அது சன்னமாக ஊதிற்று.

ஃபிட்டர் முட்டி தேய்ந்து ரத்தத்தோடு அவர் முன்னால் போய் நின்றான். "வித்துடறேன் சார். நாளைக்கே வித்துடறேன். எனுக்கு வண்டி வோணாம், பொண்ணைக் குடுங்க சார்." சொல்லும்போதே அழுதுவிட்டான்.

கார்டு விசிலை எடுத்தார். மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"வாயை மூடு. இதை எவன் தலையிலயும் கட்டாத. வாங்கறவனுக்கும் ஒரு மாமனார் இருப்பான் இல்ல?"

சோடாவோடு ஓடிவந்த வியாசர்பாடிக்காரனிடம் ஒன்றை வாங்கி நின்றபடியே குடித்தார். பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஸ்டேஷன் பக்கமாக நடந்து போய்விட்டார்.

ராயபுரம் வரைக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தோம். அவர் சரியென்று சொன்னாரா, திட்டிவிட்டுப் போனாரா என்று வழியெல்லாம் சண்டை. "திட்டிட்டாரு" என்றேன் நான். "சோடா குடிச்சார்ல?" என்றான் வியாசர்பாடிக்காரன். ஃபிட்டர் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு தள்ளினான். அந்த வாரம் முழுக்க அவனுக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கும்தான்.

அடுத்த ஞாயிறு பூசையில் சாமியார் கல்யாண ஓலை வாசித்தார். முதலில் ஃபிட்டர் பேர், அடுத்து அந்தப் பெண் பேர். கார்டு எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் சாமியாரிடம் பேர் கொடுத்திருக்கிறார். ஃபிட்டர் என் கையைப் பிடித்த பிடியில் விரல் நசுங்கியது. சாமியார் நிறுத்தி, "இந்தக் கல்யாணத்துக்கு ஏதாவது தடை இருப்பதை அறிந்தவர்கள் வந்து தெரிவிக்க வேண்டியது," என்றார்.

எங்களுக்காகவே கோயிலுக்கு வந்திருந்த வியாசர்பாடிக்காரன் என் காதண்டை குனிந்தான். "எவனாச்சும் வண்டியைச் சொல்லிடப் போறான், மாமு."

எனக்கும் அதே பயம்தான். அறிந்தவர்கள் கோயில் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். முன் வரிசையில் கார்டே இருந்தார். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.